சாசனத்தில் மட்டும் உள்ள வாசல்

கோடிக்கணக்கான வரிகளுக்குள் வேண்டிய ஒன்றை நாலைந்து படிகளில் எட்டிப் பிடிக்கும் பி-ட்ரீ என்னும் இண்டெக்ஸ் வித்தையைப் பற்றி ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் எழுதிய கட்டுரை அச்சேறியதும், ஜெர்மனியின் வைன்ஹைமில் ஐவர் கூடி எஸ்.ஏ.பி நிறுவனத்தைத் தொடங்கியதும், தற்செயலாக ஒரே 1972-இல்தான்.

அந்த எஸ்.ஏ.பியின் மென்பொருளில் ஒரு விசித்திர சம்பிரதாயம் உண்டு. அட்டவணையின் இன்னின்ன பத்திகளின் மேல் இண்டெக்ஸ் இருப்பதாக டேட்டா டிக்‌ஷனரியில் சாசனம் எழுதியிருக்கும். டேட்டாபேஸுக்குள் அது ஜனனம் எடுத்திருக்கிறதா என்பது வேறு விஷயம். மொத்தமாகத் தரவு ஏற்றுவதற்காக அதைக் கழற்றி வைத்த புண்ணியவான் திரும்ப மாட்ட மறந்திருந்தால், ஜாதகம் பத்திரமாக இருக்கும்; பிள்ளையைத்தான் காணோம்.

இதில் பெரிய சங்கடம், விடை ஒருபோதும் தப்பாக வராது என்பதே. தாமதமாகத்தான் வரும். ஆகவே பிழைச் செய்தி கிடையாது. மணிக்கணக்கில் அட்டவணை முழுவதையும் இயந்திரம் பாராயணம் செய்துகொண்டிருக்க, மேலதிகாரிகள் சபை கூட்டி, நெட்வொர்க்கைச் சபித்து, மெமரி வாங்க உத்தரவு போட்ட பிற்பாடு, யாரோ ஓர் இளைஞர் டிபி02 என்னும் எஸ்.ஏ.பி கட்டளையைத் தட்டிப் பார்த்து, காணாமற்போனவர்களின் ஜாபிதாவைச் சாவதானமாக நீட்டுவார்.

காணாமற்போனது யூனிக் இண்டெக்ஸாக இருந்துவிட்டாலோ, காவலில்லாத அந்த இடைவேளையில் ஒரே எண்ணோடு இரண்டு வரிகள் உள்ளே புகுந்து குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். அவற்றுள் அசல் எது என்று தீர்மானிக்கும் வரை, காவலாளி திரும்பி வர மறுத்துவிடுவான்.