மறைக்க ஒன்றுமில்லாத மகான்கள்

"எனக்கு மறைக்க ஒன்றுமில்லை" என்று மார்தட்டும் மகான்கள் அடுக்ககத்து வாட்ஸப் குழு ஒவ்வொன்றிலும் நாலு பேராவது இருக்கிறார்கள். "இந்தச் செயலிக்கு எதுக்குங்க நம்ம காண்டாக்ட் எல்லாம்?" என்று எவராவது கேட்டால் போதும். "தப்பு பண்றவன்தான் பயப்படுவான்" என்பார் முதலாமவர். "தேசப் பாதுகாப்பை விடவா உங்க ரகசியம் பெருசு?" என்பார் அடுத்தவர். மூன்றாமவர் இரண்டுக்கும் கட்டைவிரல் உயர்த்துவார். நாலாமவர் அட்மின். கேட்டவரைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டு, "இங்கே அரசியல் வேண்டாம்" என்று சமாதானத்தை நிலைநாட்டுவார். மறுநாள் காலை வணக்கத்துடன் ரோஜாப்பூ வந்துவிடும்.

சரி மகானே, உங்கள் போனைப் பூட்டு திறந்து கொடுங்கள். வங்கிக் கணக்கு, ஸ்கேன் ரிப்போர்ட், நள்ளிரவில் கூகுளிடம் கேட்ட சந்தேகங்கள் எல்லாவற்றையும் குழுவில் போட்டுவிடலாம். கை ஏன் சட்டைப்பைக்குப் போகிறது?

உடனடிக் கடன் செயலிகளிடம் மாட்டியவர்களுக்கு இது வேடிக்கை அல்ல. ஐந்தாயிரம் ரூபாய் அவசரத்துக்கு "அலவ்" என்று அழுத்தியவர்களின் தொடர்புப் பட்டியல் மொத்தமும் களவு போனது. தவணை தவறியதும், பெண்களின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி மாமனார் வரைக்கும் அனுப்பினார்கள். உயிரை விட்டவர்கள் உண்டு. அதற்கப்புறம்தான், 2022-இல், கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கிக்குச் சொல்லத் தோன்றியது. கடன் வாங்கியவர்களும் "அலவ்" அழுத்தும்போது வசதி என்று நினைத்துத்தான் அழுத்தினார்கள்.

தனியார் கம்பெனியாவது நம்மைத் திருடுகிறது. அரசு உத்தரவே போட்டுவிடும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னது 2017-இல். அதைக் காக்கச் சட்டம் வர ஆறு வருடம் ஆனது. வந்த சட்டத்தைப் பாருங்கள்: கம்பெனி தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம்; அரசு அமைப்புகளையோ, பொது ஒழுங்கு, இறையாண்மை என்று காரணம் சொல்லி, ஓர் அறிவிக்கையில் விலக்கிவிடலாம். போகிற போக்கில் தகவல் உரிமைச் சட்டத்திலும் கத்தரி வைத்தார்கள். "தனிப்பட்ட தகவல்" என்ற விலக்கோடு ஒட்டியிருந்த பொதுநலன் வாசகம் அந்தப் பிரிவிலிருந்து காணாமல் போனது. நம் வீட்டுக்குக் கண்ணாடிச் சுவர், அவர்கள் அலுவலகத்துக்கு இரும்புக் கதவு.

அந்தக் கத்தரி நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் நடுவில். இரண்டே வாரத்தில், நவம்பர் 28 அன்று, கைப்பேசிக் கம்பெனிகளுக்கு ஓர் உத்தரவு பறந்தது: புதிய போன்கள் எல்லாவற்றிலும் அரசின் சஞ்சார் சாத்தி செயலி இருந்தாக வேண்டும், அதன் வேலைகளை முடக்கக் கூடாது. திருட்டுப் போனைக் கண்டுபிடிக்கத்தானாம்! கூச்சல் கிளம்பியதும், வேண்டாதவர்கள் அழித்துக்கொள்ளலாம் என்றார் அமைச்சர். டிசம்பர் 3-ஆம் தேதி உத்தரவு வாபஸ். குழுவிலிருந்து தூக்கப்பட்டவர்களைப் போன்றவர்கள் போட்ட கூச்சல்தான் அது. அதன் பலனை மகான்களும் அனுபவிக்கிறார்கள். நன்றியெல்லாம் யார் எதிர்பார்த்தார்கள்?

2020-இல் ஆரோக்கிய சேது என்ற கொரோனாச் செயலி வந்ததே, நினைவிருக்கிறதா? அலுவலகம் போகிறவர்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். கோடிக்கணக்கானோர் இறக்கினார்கள். அதை உருவாக்கியது யார் என்று ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார். கோப்பு எங்களிடம் இல்லை என்றது, செயலியிலேயே தன் பெயர் போட்டிருந்த தேசிய தகவல் மையம். மத்தியத் தகவல் ஆணையம் நோட்டீஸ் அனுப்ப வேண்டியதாயிற்று. பாவம், அன்று திணறிவிட்டார்கள். இனி அந்தக் கஷ்டம் இல்லை. யார் கேட்டாலும் "அது தனிப்பட்ட தகவல்" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிவிடலாம்.