மேளத்துக்கு மிரளும் குட்டி

கேள்வி: அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய இரண்டு வயதுக் குதிரை, மேளச் சத்தம் கேட்டாலே மிரள்கிறது. ஆடித் திருவிழாவுக்குக் கூட்டிப்போக வேண்டும். அடித்துப் பழக்கலாமா?

பதில்: அடித்தால் மேளத்தோடு உங்களையும் சேர்த்துப் பயப்படும்! மிரண்டு ஓடித்தான் அதன் இனமே பிழைத்திருக்கிறது. மேளக்காரரைத் தோப்பின் அந்தக் கோடியில் நிறுத்தி, மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். கயிற்றை இறுக்காதீர்கள். விறைத்த காது தளரும், தலை தாழும், வெறும் வாயை மெல்லும். அந்தக் கணத்தில் சத்தம் நிற்க வேண்டும். துள்ளும்போது நிறுத்தினால், துள்ளினால் மேளம் ஓயும் என்று கற்றுக்கொள்ளும், கெட்டிக்காரப் பயல்! புகெபலஸ் என்ற குதிரை தன் நிழலுக்கே மிரள்வதைக் கவனித்த அலெக்சாண்டர், அதைச் சூரியன் பக்கம் திருப்பிவிட்டுத்தான் ஏறினான் என்கிறார் பழைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க். சாட்டை எடுக்கவில்லை. தினமும் பத்தடி நெருங்கினால் போதும். இந்த வருஷத் திருவிழா வேண்டாம், பாவம். அடுத்த ஆடிக்குக் கூட்டிப்போங்கள்.