சென்சாருக்கும் ஷிப்ட் முடியும்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து. எல்லாம் ஒரே விஷயம்: கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை சென்சார்.

கே: நாலாயிரம், ஐயாயிரம் கொடுத்து வாங்குகிறேன். 14 நாளில் தூக்கிப் போடு என்கிறார்கள். 15-ஆம் நாள் ஓடாதா? (ஃபிட்டர், ஓசூர் சிப்காட்)

ப: லிப்ரே வகை என்றால் நீங்கள் கெஞ்சினாலும் ஓடாது. துவக்கிய நேரத்திலிருந்து 14 நாள் முடிந்ததும் தானே நின்றுவிடும். திங்கட்கிழமை காலை 6 மணிக்குத் துவக்கியிருந்தால், மூன்றாவது திங்கள் காலை 6 மணிக்குக் கதை முடிந்தது. ஓ.டி. பார்க்காத ஒரே தொழிலாளி அதுதான். எல்லா வகைக்கும் 14 என்று நினைத்துவிடாதீர்கள். டெக்ஸ்காம் ஜி6-க்கு 10 நாள், லிப்ரே 2 பிளஸுக்கு 15. உங்களுடையது எது என்பதைப் பெட்டி சொல்லும்.

கே: இது கம்பெனியின் வியாபாரத் தந்திரம்தானே? (பாகலூர்)

ப: வியாபாரமே இல்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்? ஆனால் தோலுக்கு அடியிலும் ஒரு நியாயம் இருக்கிறது. உள்ளே இருப்பது சுமார் 5 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய இழை. அதில் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற என்சைம் பூசியிருக்கும். செல்களுக்கு நடுவே ஊறும் நீரிலுள்ள சர்க்கரையோடு அது வினைபுரியும்போது மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. அதைத்தான் எண்ணாக்கிக் காட்டுகிறார்கள். நாள் போகப் போக என்சைமின் வீரியம் குறையும். உடம்பும் சும்மா இருக்காது, வெளியாள் வந்திருக்கிறான் என்று இழையைச் சுற்றித் திசுவால் வேலி கட்டும்.

1999-இல் அமெரிக்கா அனுமதித்த முதல் சென்சார் 3 நாள்தான் தாங்கியது. அதன் எண்ணை நோயாளி பார்க்கக்கூட முடியாது, பிறகு மருத்துவர்தான் கணினியில் இறக்கிப் பார்ப்பார். 2024 செப்டம்பரில் அங்கே அனுமதி பெற்ற எவர்சென்ஸ் 365 ஒரு வருடம் ஓடும். ஆனால் அதைத் தோலைக் கீறி உள்ளே வைக்க வேண்டும், அப்புறமும் இடையிடையே விரலைக் குத்த வேண்டும். பரவாயில்லையா?

கே: முடிந்த சென்சாரை மறுபடி ஓட வைக்க யூடியூபில் வழி காட்டுகிறார்களே? (ஜூஜூவாடி)

ப: ஓடும் சில வகைகள் உண்டு. சரியான எண்ணைக் காட்டுமா என்பதற்கு அந்த வீடியோக்காரர் பொறுப்பேற்க மாட்டார். அந்த எண்ணைப் பார்த்து நீங்கள் இன்சுலின் போட்டுக்கொள்ளப் போகிறீர்கள்.

கே: நாள் முடிவதற்கு முன்பே மாற்ற வேண்டியிருக்குமா? எப்படிக் கண்டுபிடிப்பது? (ஆசிரியை, பர்கூர்)

ப: இந்த வாரத்தின் நல்ல கேள்வி. சந்தேகம் வந்தால் பழைய குளுக்கோமீட்டரை எடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய விரலென்றால் மீட்டர் மாம்பழத்தின் சர்க்கரையைத்தான் சொல்லும். சாப்பிட்ட உடனேயும் வேகமாக நடந்த உடனேயும் ஒப்பிடாதீர்கள். ரத்தத்தில் நடப்பது சென்சாருக்குச் சில நிமிடங்கள் தாமதமாகத்தான் தெரியும். சாப்பாட்டுக்கு முன், சர்க்கரை ஏறாமல் இறங்காமல் நிற்கும் நேரத்தில் பாருங்கள். மீட்டரில் 120, சென்சாரில் 108 என்றால் சண்டை வேண்டாம். மீட்டரில் 180, சென்சாரில் 95, சில மணி நேரம் கழித்தும் அதே தூரம் என்றால் கழற்றிவிடலாம். மாட்டிய முதல் நாளை மட்டும் மன்னித்துவிடுங்கள், அன்று எண் கொஞ்சம் தள்ளாடும்.

கை நடுங்குகிறது, வியர்க்கிறது, சென்சார் மட்டும் 130 என்கிறது. அப்போது உடம்பை நம்புங்கள், உடனே விரலைக் குத்துங்கள். சென்சாரும் தவறும். லிப்ரே 3, லிப்ரே 3 பிளஸ் சென்சார்களில் ஒரு பகுதி உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம் என்று 2025 நவம்பரில் அவற்றைத் தயாரிக்கும் அபாட் நிறுவனமே எச்சரித்தது.

மாட்டும்போது ஒரு சொட்டு ரத்தம் வந்தால் பயமில்லை. நிற்காமல் கசிந்தாலோ, சுற்றிலும் சிவந்து வீங்கினாலோ, சீழ் கோத்தாலோ கழற்றுவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். சீக்கிரம் செத்த சென்சாரைக் கோபத்தில் எறிந்துவிடவும் வேண்டாம். சீரியல் எண்ணோடு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசுங்கள், மாற்றித் தருவதுண்டு.

கே: நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் படுத்தால் ‘லோ’ அலாரம் அடிக்கிறது. எழுந்து விரலைக் குத்தினால் 110. சென்சார் கெட்டுவிட்டதா? (மத்திகிரி)

ப: எந்தப் பக்கம் படுக்கிறீர்கள்? சென்சார் உள்ள கை அடியில் நசுங்கினால் அந்த இடத்தில் நீரோட்டம் குறைந்து, இல்லாத ‘லோ’ தெரியும். புரண்டு படுத்தால் சிறிது நேரத்தில் ஏறிவிடும். அடுத்த சென்சாரை மறு கையில் ஒட்டுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஒட்டுவது எப்படியும் நல்லதல்ல.

கே: எங்கள் கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வரைபடத்தில் ஓட்டை விழுகிறது. (பெண் ஊழியர், சூளகிரி)

ப: லிப்ரே 2 போன்ற சென்சாருக்கு 8 மணி நேரம்தான் ஞாபகம். ஷிப்டும் 8 மணி நேரம். போனை லாக்கரில் போடுவதற்கு முன் கடைசி நொடியில் ஒரு ஸ்கேன், உணவு இடைவேளையில் முடிந்தால் ஒன்று, வெளியே வந்ததும் ஒன்று. ஓட்டை விழுந்தது என்பதற்காகச் சென்சாரை மாற்ற வேண்டாம். ஆனால் இன்சுலின் போடுபவர் என்றால் விஷயம் வரைபடத்தோடு போகாது, லாக்கருக்குள் அடிக்கும் அலாரம் உங்களுக்குக் கேட்காது. மருத்துவரின் கடிதத்தோடு எச்.ஆரைப் பாருங்கள். போன் கூடாதென்றால், அதே வேலையைச் செய்யும் தனி ரீடருக்கு அனுமதி கேளுங்கள். அதில் கேமரா கிடையாது.

கே: ஃபர்னஸ் பக்கத்தில் வேலை. வியர்வையில் ஐந்தாம் நாளே ஓரம் பெயர்கிறது.

ப: ஒட்டும் இடத்தில் எண்ணெய், கிரீம் எதுவும் கூடாது. ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். மேலே டேப் போடலாம், நடுவிலுள்ள சிறு துளையை மூடாமல். பாதி பெயர்ந்து ஆடினால் இழை வெளியே வந்திருக்கும். அமுக்கி ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும், எண்தான் பொய்யாக வரும்.

கே: புதிதாக மாட்ட நல்ல நேரம் எது?

ப: பஞ்சாங்கம் வேண்டாம், வீக்லி ஆஃப் போதும். லிப்ரே துவக்கி ஒரு மணி நேரம் எண்ணே வராது. அந்த ஒரு மணி நேரம் அத்திப்பள்ளி நெரிசலில் பைக் மீது கழிய வேண்டுமா?

கே: சளி பிடித்ததிலிருந்து தினம் வைட்டமின் சி மாத்திரை. சென்சாரில் சர்க்கரை எகிறுகிறது.

ப: நாளுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போனால் லிப்ரே 2 போன்றவை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். மென்று தின்னும் மாத்திரை ஒன்றே பெரும்பாலும் 500. சென்சாரை மாற்றுமுன் மாத்திரையை எண்ணுங்கள்.

கே: மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. சென்சாரும் வருமா? (சாமனப்பள்ளி அருகே)

ப: 2021 ஆகஸ்ட் 5-இல் அந்தத் திட்டம் பிறந்ததே உங்கள் சாமனப்பள்ளியில்தான், பெருமைப்படுங்கள். ஆனால் அதில் வருவது மாத்திரை. சென்சார் கைக்காசு. அதனால் முதலில் கேட்க வேண்டியது ‘எப்போது மாற்றுவது’ அல்ல, ‘வருடம் முழுக்க மாட்ட வேண்டுமா’ என்பது. மாத்திரையிலேயே சர்க்கரை அடங்கியிருக்கிறது என்றால், மருந்தை மாற்றும்போதோ சில மாதங்களுக்கு ஒருமுறையோ ஒரு சென்சார் போதும் என்பது என் கட்சி. உங்கள் மருத்துவரையும் கேளுங்கள். முதல் வகை நீரிழிவுக் குழந்தைக்கும், தினம் பலமுறை இன்சுலின் போடுபவருக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு இடைவெளி விடாமல் மாட்டுவதுதான் முறை. முடியாத நாட்களில் விரல் குத்துவதை விட்டுவிடக் கூடாது.

கே: மாம்பழம் சாப்பிட்டால் சென்சார் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சீசனில் கழற்றி வைக்கலாமா? (மாந்தோப்புக்காரர், காவேரிப்பட்டணம்)

ப: சாட்சியைக் கலைக்கப் பார்க்கிறீர்கள்! 2025-இல் வெளியான டெல்லி ஆய்வில் டாக்டர் அனூப் மிஸ்ரா குழுவினர், சர்க்கரை நோயாளிகளுக்குக் காலை ரொட்டிக்குப் பதிலாக 250 கிராம் மாம்பழம் கொடுத்து 8 வாரம் பார்த்தார்கள். சர்க்கரை மோசமாகவில்லை, குறைந்தது. நீங்கள் களி உருண்டைக்குப் பதிலாகவா தின்கிறீர்கள், களிக்கு மேலேயா?

கே: ஒரு சென்சார்: எனக்கு 7 நாள், என் வீட்டுக்காரருக்கு 7 நாள். எப்படி யோசனை? (போச்சம்பள்ளி)

ப: கணக்கு சரி, காரியம் ஆபத்து. கழற்றிய இழை திரும்பத் தோலுக்குள் போகாது. போனாலும் கூடவே கிருமியைக் கொண்டுபோகும், மஞ்சள் காமாலை வைரஸ் உட்பட. அவருக்குத் தனியாக வாங்கிக் கொடுங்கள்.

கே: கழற்றிய பிறகு எங்கே போடுவது?

ப: மாட்டும் கருவிக்குள் ஊசி இருக்கிறது. அதை மூடியுள்ள கெட்டி டப்பாவில் சேர்த்து, இன்சுலின் ஊசிகளோடு மருத்துவமனையில் கொடுங்கள். குப்பை வண்டியில் பை பையாகப் பிரிப்பவர் கையுறை போட்டிருக்கிறாரா என்று நாளைக் காலை எட்டிப் பாருங்கள்.