அரசு அங்கீகாரம் பெற்ற மச்சம்

என் முகத்தில் அரசாங்கமே அங்கீகரித்த மச்சம் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பில் அங்க அடையாளம் எழுதும்போது வகுப்பாசிரியர் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, ‘எ மோல் ஆன் தி ரைட் சீக்’ என்று பதிவு செய்தார். இரண்டாவது அடையாளத்துக்கு முழங்கால் தழும்பு கைகொடுத்தது. தழும்பே இல்லாத நல்ல பையன்கள் அன்று பட்ட பாடு கொஞ்சமல்ல.

நாற்பதுக்கு மேல் கன்னத்திலும் கழுத்திலும் குடியேறிய மருக்களுக்கு அந்த அந்தஸ்து கிடையாது. அவற்றை நான் கவனிக்கவே இல்லை. அந்தப் பொறுப்பைச் சொந்தக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அத்தை வைத்தீஸ்வரன்கோயிலுக்கு உப்பு மிளகு போடுவதாக வேண்டிக்கொண்டார். பெரியம்மா அம்மான் பச்சரிசிச் செடியைக் கிள்ளிப் பால் வைக்கச் சொன்னார். சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் குழைத்து வைத்தால் பொசுங்கிவிடும் என்றான் மச்சினன். பொசுங்கும்தான், எதுவரைக்கும் என்பதுதான் கேள்வி.

கடைசியில் தோல் டாக்டரிடம் போனோம். மனைவிக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு, அதனால் ஜோடியாகவே. வரவேற்பறையில் ‘மணப்பெண் பேக்கேஜ்’, ‘மாப்பிள்ளை பேக்கேஜ்’ என்று விலைப்பட்டியல் தொங்கியது. ‘மாமனார் பேக்கேஜ் உண்டா?’ என்றேன். அங்கிருந்த பெண் சிரிக்கவில்லை.

டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்து, ‘டெர்மடோசிஸ் பாப்புலோசா நைக்ரா’ என்றார். மருக்கள்மேல் எனக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது. “கறுப்புத் தோல்ல சகஜம் சார், குடும்பத்துலயும் இருக்கும். ஒண்ணும் பண்ணாது.”

லேசர் கேட்டேன். 1983-இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் சொன்ன தத்துவம் அது: தகுந்த ஒளியை நொடிக்கும் குறைவான நேரம் பாய்ச்சினால், அக்கம்பக்கம் சுடாமல் கறுப்பு மட்டும் வெந்துபோகும். அக்கம்பக்கமும் கறுப்பாக இருந்தால்? ஒளிக்குக் குழப்பம், எனக்குக் கொப்புளம். எனவே ரேடியோ அலைக் கருவியே போதும் என்றார். மரத்துப்போகும் களிம்பு தடவி உட்கார வைத்து, ஊசிமுனையால் ஒவ்வொன்றாகச் சுட்டார். முடி கருகும் வாசனை. கொஞ்சம் அதிகமாகச் சுட்டால் அதே இடம் கறுத்துப்போகுமாம். மரு போய் அதன் நிழல் தங்கும்.

அரசாங்க மச்சத்தை அவர் தொடவில்லை. “ஒரே நிறம், ஓரமும் ஒழுங்கா இருக்கு. திடீர்னு வளர்ந்தாலோ ரத்தம் கசிஞ்சாலோ ஓடி வாங்க.”

அடுத்து மனைவி கைப்பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்தாள். டாக்டர் முகம் மாறியது. மருந்துக்கடையில் ‘மங்குக்கு’ என்று கேட்டு வாங்கியது. உள்ளே ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின். இந்த மூவர் கூட்டணிக்கு முன்னோடி 1975-இல் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர் வகுத்த கலவை. டாக்டர் சொல்லும் காலம்வரைக்கும்தான் அது மருந்து. நம் ஊரிலோ அது பவுடருக்கு முந்தைய பூச்சு. முதல் மாதம் முகம் மினுங்கும். பிறகு சிவக்கும், பரு வரும், மீசை அரும்பும், வெயிலில் எரியும். இந்த ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018-இலேயே மத்திய அரசு சொல்லியாயிற்று. எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தி இன்னும் வரவில்லை.

“நீங்களாவது பார்க்கக் கூடாதா சார்?” என்று திட்டு எனக்கு விழுந்தது. மனைவி அந்த நிமிடமே டாக்டரைக் குலதெய்வமாக ஏற்றுக்கொண்டாள்.

இருவருக்கும் சன்ஸ்கிரீன் எழுதிக் கொடுத்தார். இரண்டு விரல் நீளம் பிதுக்கி முகத்திலும் கழுத்திலும் பூச வேண்டும். வெளியே போனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும்.

பொருக்கு உதிர்ந்து முகம் தெளிந்ததும் அத்தை வந்தார். “பாத்தியா, வைத்தியநாதர் கைவிடலை” என்று கன்னத்தைத் தடவினார். பீஸ் கட்டிய ரசீதைக் காட்டிப் பயனில்லை. உப்பு மிளகுப் பொட்டலத்தோடு வைத்தீஸ்வரன்கோயில் போனோம். சித்திரை வெயில், வெளியே நீண்ட வரிசை. டாக்டர் வாக்குப்படி மனைவி அங்கேயே ட்யூபைப் பிதுக்கி என் நெற்றியில் பூச ஆரம்பித்தாள். என் நிறத்தில் அது மறையுமா? பட்டையாக நின்றது.

பின்னால் இருந்தவர் என் தோளைத் தட்டினார்.

“விபூதி எங்க சார் கொடுக்கிறாங்க?”