பரிசில் கடாநிலை: விளையாட்டு விழா டம்ளர் குறித்து ஓர் அணுபுரத்து ஆய்வு

இனி ஆராய்வதற்குத் தலைப்பே இல்லை என்று முனைவர் பட்ட மாணவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். சங்க இலக்கியத்தில் நண்டு முடிந்துவிட்டது, நாரையும் முடிந்துவிட்டது. அவர்களில் ஒருவராவது தம் வீட்டுச் சமையலறையின் மேல்தட்டு வரை கையை நீட்டியிருந்தால் இப்படிப் பேசமாட்டார்கள். அங்கே, தீபாவளிச் சீட்டுக்கு வந்த குத்துவிளக்கின் பின்னால், ஓர் எவர்சில்வர் டம்ளர் நிற்கும். அதன் வயிற்றில் புள்ளி புள்ளியாக ‘நீளம் தாண்டுதல், இரண்டாம் பரிசு’ என்று வெட்டியிருக்கும். கல்வெட்டைப் படிக்க ஒரு துறை உண்டு, செப்பேட்டைப் படிக்கவும் ஆள் உண்டு. டம்ளர்வெட்டைப் படிக்கத்தான் நாதியில்லை.

ஆய்வுக் களம் அணுபுரம். கல்பாக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் வழியில், அணுசக்தித் துறை ஊழியர்களுக்காக எழுந்த குடியிருப்பு. களத்தைச் சற்று இழுத்துப் புதுப்பட்டினம், மாமல்லபுரம், செங்கல்பட்டு வரையும் கொண்டுபோயிருக்கிறேன். காரணம் அறிவியல் சார்ந்ததன்று. அங்கெல்லாம் எனக்கு உறவினர் வீடுகள் உள்ளன, போனால் ஏதாவது ஒரு டம்ளரில் காபி கிடைக்கும். கருதுகோளையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் ஓடிய பிள்ளையைக் கொண்டாடுவதாக நினைத்துக்கொள்வது மேடையில். கொண்டாட்டம் உண்மையில் நடப்பது அடுக்களையில், அதுவும் பல ஆண்டுகள் கழித்து.

முதலில் முன்னோர் கருத்து. வென்றவன் சூடும் பூ வாகை என்று இலக்கணம் சொல்கிறது. தொல்காப்பியர் அதற்கு ஒரு திணையே ஒதுக்கினார். நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கம் இன்றும் நாள் தவறாமல் யாராவது ஒருவருக்கு வாகை சூட்டுகிறது. ஆனால் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை முழுக்க மைதானத்தில் தண்ணீர் நிற்கும். அது வற்றி, பொங்கல் முடிந்து, தேர்வு நெருங்கும் முன் கிடைக்கிற சந்தில்தான் விளையாட்டு விழாவைச் செருக வேண்டும். வாகையோ சித்திரை வெயிலில் பூக்கிற மரம். தை, மாசியில் அதில் இருப்பது காய்ந்த நெற்று மட்டுமே. அந்த நெற்று காற்றில் ஆடும் ஓசையைக் குறுந்தொகை, கயிற்றின்மேல் ஆடும் கூத்தர்களின் பறையோடு ஒப்பிடுகிறது. ஆக, நம் பிள்ளைகளுக்கு வாகையிடமிருந்து கிடைக்கக்கூடியது பூ அன்று, கைதட்டல். பார்வையாளர் வரிசையில் பெற்றோர் குறைவாக இருக்கும் ஆண்டுகளில் அதுவும் உதவியாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, பரிசில் இலக்கியம். ‘பரிசில் கடாநிலை’ என்று புறநானூற்றில் ஒரு துறை உண்டு. தருகிறேன் என்ற வள்ளல் தாமதித்தால், புலவர் நின்று வற்புறுத்திக் கேட்பது. இத்துறை சங்க காலத்தோடு வழக்கிழந்துவிட்டது என்று எண்ணுகிறவர்கள், விளையாட்டு விழா முடிந்த மறுவாரம் பி.டி. சார் அறை வாசலில் போய் நிற்கட்டும். “சார், சர்டிபிகேட் எப்ப சார் தருவீங்க?” “ஹெச்.எம். கையெழுத்துப் போடணும்டா.” “சார், போன வாரமும் இதையேதான் சார் சொன்னீங்க.” இதற்கு அடியும் தளையும் இல்லையே தவிர, துறை அதேதான். நேரில் பாராமல் கொடுத்தனுப்பிய பரிசை வேண்டாம் என்று அதியமானிடம் சொன்னார் பெருஞ்சித்திரனார். எட்டாம் வகுப்பு மாணவனின் சர்டிபிகேட்டும் அப்படித்தான், லீடர் கையில், கணக்குப் பாடத்தின் நடுவில் வந்து சேர்கிறது. அவன் வேண்டாம் என்று சொல்வதில்லை. பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறான். இருக்கிறது.

இந்த வட்டாரத்து வள்ளல்களைக் குறைசொல்ல முடியாது. பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். அந்தப் பாட்டில் வரும் நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் மாமல்லபுரம் பக்கம்தான் என்று சொல்கிற அறிஞர்கள் உண்டு. அவன் பாணனுக்குப் பொற்றாமரையும் குதிரை பூட்டிய தேரும் கொடுத்தான். பாணன் ஓடவில்லை, தாண்டவில்லை. யாழ் வாசித்தான், அவ்வளவுதான். நூறு மீட்டர் ஓடியவனுக்கு இன்று தேர் வேண்டாம், வீடு திரும்ப ஒரு வேன் ஏற்பாடு செய்தாலே போதும்.

மாமல்லபுரத்தைப் பற்றித் தனியாக ஒரு சொல். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு ‘மாமல்லன்’ என்று பட்டம். பெரிய மற்போர்வீரன் என்று பொருள். நம் கடற்கரையின் புகழ்பெற்ற ஊர், ஒரு விளையாட்டு வீரரின் பட்டப்பெயரில்தான் உலக வரைபடத்தில் இருக்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 642-ஆம் ஆண்டு வாதாபியை வென்றவருக்கு ஊரே பரிசாயிற்று. இன்று மாவட்ட அளவில் மல்யுத்தத்தில் தங்கம் வாங்கி வருபவனுக்குத் தெருமுனையில் ஒரு பிளெக்ஸ் வைக்கிறார்கள். பிளெக்ஸில் அவன் முகம் சிறியது, வைத்தவர் முகம் பெரியது.

அதே ஊரில் இருக்கும் பெரும்பாறைச் சிற்பம் அருச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இருசாராரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. யாராக இருந்தாலும், அது பரிசளிப்பு விழா. இடப்பக்கம் வெற்றியாளர் எலும்பும் தோலுமாக, கைகளை உயர்த்தி, ஒற்றைக் காலில் நிற்கிறார். சிறப்பு விருந்தினர் சிவபெருமான் வரம் தரும் கையோடு எதிரில் நிற்கிறார். தேவர், கின்னரர், யானைகள் எல்லாரும் வந்தாயிற்று. சற்றுத் தள்ளி ஒரு பூனையும் முன்னங்கால்களை உயர்த்தித் தவம் செய்கிறது. பங்கேற்புச் சான்றிதழ் வாங்குகிற மாணவன் அது. வெற்றியாளரின் விலா எலும்புகளை எண்ணிப் பார்த்தால், விருந்தினர் எவ்வளவு தாமதமாக வந்தார் என்பது விளங்கும். ஏழாம் நூற்றாண்டிலிருந்து நடைமுறை பெரிதாக மாறவில்லை.

விருந்தினர் வந்தபின் பட்டங்கள் வாசிக்கப்பட வேண்டும். காஞ்சி கைலாசநாதர் கோயில் சுவர்களில் பல்லவ மன்னன் ராஜசிம்மனின் பட்டங்கள் 250-க்கு மேல் வெட்டப்பட்டிருக்கின்றன. விழாவில் மைக் பிடிக்கும் ஆசிரியர்கள் அந்த எண்ணிக்கையை இன்னும் தொடவில்லை, ஆனால் முயல்கிறார்கள். பட்டம் முடிந்தால் பொன்னாடை, பொன்னாடை முடிந்தால் நினைவுப் பரிசு. கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம் இது. அன்று மைதானத்தில் ஒரு அடிகூட ஓடாத ஒருவருக்கு முதல் பரிசு, அதுவும் ஆகப்பெரிய பரிசு, தரப்படுகிறது. ஓடியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், வெயிலில். இந்த வட்டாரத்தில் ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) நான் பார்த்தபோது, வரிசையில் நின்ற பையன் ஒருவன் தனக்கு முன்னால் நின்றவனிடம், “நிக்கிறதுக்கும் ஒரு போட்டி வெச்சிருக்கலாம்டா” என்றான். இந்த ஆய்வில் கிடைத்த மிகச் சிறந்த தரவு அதுதான்.

வெளிநாட்டு ஒப்பீடு இல்லாத ஆய்வைப் பல்கலைக்கழகம் ஏற்காது. ஆகவே: 1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் பரிசெல்லாம் கடைசி நாள்தான் கொடுத்தார்கள். முதலிடத்துக்கு வெள்ளிப் பதக்கமும் ஆலிவ் கிளையும், மூன்றாமிடத்துக்கு ஒன்றுமில்லை. தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வரிசை 1904-இல்தான் வந்தது. ஏறி நிற்கும் படிக்கட்டு, அதாவது நம் விக்டரி ஸ்டாண்ட், 1930-இல் கனடாவின் ஹாமில்டனில் நடந்த பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டில் பிறந்து, 1932-இல் ஒலிம்பிக்குக்குப் போனது. முழுத் தங்கத்தில் பதக்கம் கொடுத்தது 1912-ஓடு சரி; இன்றைய ஒலிம்பிக் தங்கம் பெரும்பாலும் வெள்ளிதான், மேலே பூச்சுக்கு 6 கிராம் தங்கம். எவர்சில்வரிலோ வெள்ளி துளியும் கிடையாது. பெயரில் பொய் சொல்வதில் இரண்டு உலோகங்களும் சமம். ஒலிம்பிக் பதக்கத்தில் காபி குடிக்க முடியாது என்பதே வேறுபாடு. யாழ்ப்பாணத்துப் பள்ளிகளில் இதே விழாவுக்கு ‘இல்ல மெய்வல்லுநர் போட்டி’ என்று பெயர். இல்லங்களை, அதாவது ஹவுஸ்களை, அலங்கரிப்பதற்கும் அங்கே தனிப் பரிசு உண்டு. ‘மெய்வல்லுநர்’ என்ற சொல்லைக் கேட்டபின் ‘ஸ்போர்ட்ஸ் டே’ என்று சொல்ல எனக்கு நாக்கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் யாருக்கும் மற்றது புரியாது.

இனி ஆய்வின் மையத்துக்கு, அதாவது பாத்திரக் கடைக்கு, வருவோம். விழாவுக்குப் பத்து நாள் முன்னால் பி.டி. சார் செங்கல்பட்டுக் கடைத்தெருவுக்குப் போகிறார். அவர் கையில் இரண்டு தாள்கள்: ஒன்றில் போட்டிகளின் பட்டியல், மற்றொன்றில் ஒதுக்கிய தொகை. இரண்டும் பொருந்துவதில்லை. முதல் பரிசு டிபன் பாக்ஸ், இரண்டாவது டம்ளர், மூன்றாவது சோப்பு டப்பா என்ற மரபு இந்தப் பொருத்தமின்மையில் பிறந்ததே, தத்துவம் ஏதுமில்லை. தனியாள் போட்டி என்றால் மூன்று பாத்திரத்தோடு முடிந்தது. தொடர் ஓட்டம் என்றால் முதல் பரிசுக்கே நான்கு டிபன் பாக்ஸ். கபடி என்றால் களத்தில் ஏழு, வெளியே ஐந்து, ஆகப் பன்னிரண்டு. கபடி அணிக்கு எப்போதும் ஒரே ஒரு ஷீல்டு கொடுத்து, அதையும் தலைமையாசிரியர் அறைக் கண்ணாடி அலமாரியில் வாங்கி வைத்துவிடுவது ஏன் என்று பல ஆண்டுகளாக எனக்கு விளங்காமல் இருந்தது. பன்னிரண்டைப் பெருக்கிப் பார்த்ததும் விளங்கிவிட்டது. சுழற்கோப்பையின் நிலையும் இதுவே. தொட்டுப் பார்க்கலாம், தூக்கிப் படம் எடுக்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

ஒருமுறை கடற்கரையே ஒழுங்காகக் கொண்டாடியது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 2022-இல் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தது. பெயரிலேயே சதுரங்கத்தை வைத்துக்கொண்டிருக்கும் சதுரங்கப்பட்டினம் கல்பாக்கத்தை ஒட்டிச் சும்மா கிடக்க, அதைத் தாண்டிப் போய் நடத்தினார்கள். அந்த மனக்குறை எங்கள் பக்கத்தில் இன்னும் ஆறவில்லை. வேட்டி கட்டிய ‘தம்பி’ குதிரை சாலையெங்கும் கும்பிட்டுக்கொண்டு நின்றது. இந்தியாவின் இரண்டாம் அணி வெண்கலம் வாங்கியது. அந்த அணியில் முதல் பலகையில் ஆடித் தனிநபர் தங்கமும் வாங்கிய குகேஷுக்கு அப்போது வயது 16. பதினாறு என்றால் நம் கணக்கில் பதினொன்றாம் வகுப்பு, சர்டிபிகேட்டுக்கு நடையாய் நடக்கிற வயது. ஒருவருக்கும் அங்கே சோப்பு டப்பா தரவில்லை. அதனாலேயே அந்நிகழ்வை இந்த ஆய்வில் சேர்ப்பதா என்று தயங்கினேன்.

மற்றபடி நம் பிள்ளைகளின் பாதை குறுவட்டம், மாவட்டம், மாநிலம். குடியரசு தின விளையாட்டு, பாரதியார் தின விளையாட்டு என்று பள்ளிக் கல்வித் துறை நடத்துகிற அந்தப் படிகளில் குறுவட்டத்தோடு நின்றுவிடுகிறவர்களே பெரும்பான்மை. அவர்களுக்குக் கிடைப்பது பிரேயரில் ஒருமுறை பெயர் வாசிப்பு. இப்போதெல்லாம் மெடலும் உண்டு. டஜன் கணக்கில் வாங்கிய மெடல், நடுவில் ஓட்டிய வீரர் படத்துடன். அந்தப் படம் முதல் கோடையில் உரிந்துவிடும். ரிப்பன் நூல் பிரிந்து, ஆணியில் தொங்கி, வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பரோடு போய்விடும். டம்ளர் போவதில்லை. ஏனென்றால் அதற்கு வேலை இருக்கிறது. என் முடிபு இதில்தான் நிற்கிறது: வேலை செய்கிற பரிசு மட்டுமே நினைவில் இருக்கும்.

கல்பாக்கத்தில் 1985 முதல் இயங்கும் வேக ஈனுலையைப் பற்றி இங்கே எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம். ஈனுலை என்றால் எரித்ததைவிட அதிகமாக எரிபொருளை ஈனும் உலை. டம்ளரும் அவ்வகைதான். பதினான்கு நொடியில் ஓடி முடித்த ஓட்டத்தை முப்பது வருடமாக ஈன்றுகொண்டிருக்கிறது. எங்கள் பிளாக்கில் ஓர் அக்கா எனக்குக் காபி கொடுத்தார். டம்ளரின் வெட்டைப் படித்துவிட்டு, “நூறு மீட்டர்ல ரெண்டாவதாக்கா?” என்றேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முதலாவது வந்தவள் வாங்கிக்கொண்ட ஷூ, தான் ஓடிய வெறுங்கால், அவள் கோட்டுக்கு முன்பே கிளம்பியது, அதை விசில் ஊதியவர் பார்க்காதது, பரிசு வாங்கும்போது அப்பா சைக்கிளில் பின்பக்கம் நின்று பார்த்தது எல்லாம் வந்தது. அவர் கணவர் கூடத்திலிருந்து, “போன வாரம் சொன்னப்ப பத்தடி முன்னாடி வந்துட்டிருந்தியே” என்றார். “அது உயரம் தாண்டுறது. அந்தக் கிண்ணத்துல பருப்பு இருக்கு” என்று அக்கா பதில் சொன்னார்.

கட்டுரையை முடிக்குமுன் முதன்மைச் சான்று ஒன்றைப் படமெடுத்துச் சேர்க்க எண்ணினேன். என்னிடமும் ஒன்று இருக்கிறது: சாக்கு ஓட்டத்தில் மூன்றாம் பரிசு, பச்சை நிற சோப்பு டப்பா. கலந்துகொண்டவர்கள் எத்தனை பேர் என்பது இந்த ஆய்வுக்குத் தேவையற்றது. அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் அது இருப்பதைக் கண்டு எடுக்கப் போனேன். மனைவி தடுத்தார்.

“வைங்க. அதுல கடுகு இருக்கு.”

“ஆராய்ச்சிக்குடி. ரெண்டு நிமிஷம்.”

“கடுகை எதுல கொட்டறது?”