டயர் ஓடினால்தான் பேட்டா

வீட்டு ஞாபகமே வராமல் லாரி டிரைவர்கள் மாதக்கணக்கில் எப்படிச் சுற்றுகிறார்கள்? வண்டி முன்னால் பிள்ளைகள் பெயரை எழுதிக்கொண்டால் போதுமா?
(வாசகி, ராசிபுரம்)

அது ஓனர் பிள்ளைகள் பெயர் அம்மா! டிரைவர் பிள்ளைகள் செல்போனுக்குள் இருக்கிறார்கள், டவர் கிடைக்கும்போது.

நாமக்கல் டிரைவருக்குச் சம்பளம் நாள் கணக்கா, கிலோமீட்டர் கணக்கா?
(வாசகர், சங்ககிரி)

பெரும்பாலும் நடைக் கணக்கு. ஓடினால் பேட்டா. குடோன் வாசலில் லோடு இறக்க இரண்டு நாள் காத்துக் கிடந்தால் டயர் சும்மா நிற்கும், வயிறு நிற்குமா? வண்டி நிழலில் ஸ்டவ்வைப் பற்றவைத்து ரசம் வைக்க வேண்டியதுதான்.

நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்றது, 2025 வரை அமலில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். நல்ல சட்டம். கடைசிவரை லோடு ஏறவில்லை.

இனி லாரியிலும் ஏசி கேபின்! டிரைவர்களுக்குச் சொகுசுதானே?
(வாசகர், திருச்செங்கோடு)

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்குத்தான் அது கட்டாயம். பழைய வண்டிக்கு ஜன்னலே ஏசி. புது வண்டியிலும், மைலேஜ் குறைந்தால் டிரைவர் தலையில் கட்டுகிற ஓனர் இருக்கும்வரை, யாரும் அந்த சுவிட்சில் கை வைக்க மாட்டார்கள்.