ஒரு நிமிஷம் நிறுத்துறேன் சார்

உலக சினிமா பார்க்கிறவர்களோடு ஒரே வீட்டில் குடியிருக்காதீர்கள். வாடகை பாதியாகும், வாஸ்தவம். ஜமுனாமரத்தூருக்கு வாத்தியாராக வந்தவனுக்கு மலைமேல் வீடு கிடைப்பதே பெரிய விஷயம், அதுவும் வாஸ்தவம். ஆனாலும் வேண்டாம்.

இவர்களை உங்களுக்குத் தெரியும். பிடித்த படம் எது என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் ஜமைக்காவில் தொடங்கி ஜப்பானில் கொண்டுபோய் விடுவார்கள். அதில் நாம் பார்த்த படம் ஒன்று இருந்துவிட்டால் அவர்கள் முகம் வாடிப்போகும். நடுவில் தமிழ்நாட்டுக்கு ஒரே ஒரு ஸ்டாப்பிங்: 'அந்த நாள்'. அதுகூட 1954 ஏப்ரலில் இங்கே 'அந்த நாள்' வந்தது, அதே ஏப்ரலில் ஜப்பானில் 'செவன் சாமுராய்' வந்தது என்று சொல்வதற்காகத்தான். இந்தத் தகவலை நான் பதினோரு தடவை கேட்டாயிற்று. ஒரு தடவை ரேஷன் கடை வரிசையில், கைரேகை வைத்துக்கொண்டிருக்கும்போது.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். பொறுக்க முடியாதது அந்த ஸ்பேஸ் பார்.

சார் படம் போடுவார். (எங்கள் வீட்டு சாரைச் சொல்கிறேன். இந்த இனத்தில் எல்லாரும் ஒரே வார்ப்புதான் என்பதால் பெயர் தேவையில்லை.) சுவரில் வெள்ளை வேட்டி, ஸ்டூல்மேல் சின்ன புரொஜெக்டர், மடியில் லேப்டாப். வலது கட்டைவிரல் ஸ்பேஸ் பாரைவிட்டு நகராது. மற்ற பட்டனெல்லாம் தூசி படிந்து கிடக்க, அது மட்டும் நடுவில் குழிந்து, பெட்டிக்கடைத் தராசுத்தட்டு மாதிரி பளபளக்கும். படம் தொடங்கி நாலு நிமிஷம் ஆகியிருக்காது.

"ஒரு நிமிஷம் நிறுத்துறேன் சார்." டப்.

ஜப்பான் நடிகர் தோஷிரோ மிஃபூனே வாயைப் பிளந்தபடி வேட்டியில் நின்றுவிடுவார். ஒரு கண் மூடியிருக்கும், இன்னொன்று பாதி. வெளிச்சத்துக்கு வந்த ஈசல் ஒன்று அவர் முன்பல்லில் உட்காரும், பறக்கும், மறுபடி அதே பல்லில் உட்காரும். ஈசல் இறகு உதிர்த்துக் கீழே விழுகிறவரை சார் பேசிக்கொண்டிருப்பார்.

"இந்த மழையக் கவனிச்சீங்களா? 'ரஷோமோன்'ல மழை கேமராவுல விழலன்னு தண்ணியில கறுப்பு மை கலந்து அடிச்சாரு டைரக்டர் குரோசவா."

"சார், இது வேற படம்."

"அதத்தான் சொல்றேன்."

'செவன் சாமுராய்' 207 நிமிஷம். ராத்திரி ஒன்பதுக்குப் போட்டால் பன்னிரண்டரைக்கு முடிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பன்னிரண்டரைக்கு மூன்று சாமுராய்தான் சேர்ந்திருப்பார்கள். இதே மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் வானத்தைப் பார்க்கிறார்கள். அவர்கள்கூட ஒரு நட்சத்திரத்தை இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நிறுத்தி வைக்க முடியாது.

ஒரு மணி சுமாருக்குக் காற்று கிளம்பும், கரண்ட் போகும். மலையில் அது வழக்கம். அதற்குப் பிறகு மிச்சப் படத்தை சார் வாயால் ஓட்டுவார். ஆக, இந்தப் படத்தின் முன்பாதியை நான் ஆறு தடவை பார்த்திருக்கிறேன். பின்பாதியைக் காதால் கேட்டதோடு சரி. ஏழு பேரில் நாலு பேர் செத்துப்போகிறார்களாம். "நாலு பேரையும் கொல்றது துப்பாக்கி சார், கத்தி இல்ல. கவனிச்சீங்களா?" என்றார். எதைக் கவனிப்பது? கும்மிருட்டு.

இருட்டில் அவர் கதை சொல்வது நன்றாகத்தான் இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். தகாஷி ஷிமுரா மழித்த தலையைத் தடவிக்கொள்வதைத் தன் தலையைத் தடவிச் செய்து காட்டுவார். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வழுக்கையில் உள்ளங்கை உரசும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தில் ஒரு கிழட்டுச் சாமுராய் நிஜமாகவே யோசித்துக்கொண்டிருப்பார்.

கரண்ட் வந்துவிடும். டப்.

ஜமைக்கா படங்களில் கொடுமை இன்னும் அதிகம், ஏனென்றால் அவற்றில் பாட்டு இருக்கிறது. 'தி ஹார்டர் தே கம்', 1972, ஜிம்மி கிளிஃப். கிராமத்திலிருந்து கிங்ஸ்டனுக்கு வந்து பாட்டுப் பாடப் பார்த்து ரவுடியாகிறவன் கதை. பேசுவது ஒருவகை இங்கிலீஷ்தான், ஆனால் அமெரிக்காவிலேயே கீழே இங்கிலீஷ் எழுத்து போட்டுத்தான் காட்டினார்களாம். எனக்கு அதற்குக் கீழே சார் தமிழ் போடுவார், குரலால். பாட்டு பல்லவியிலிருந்து சரணத்துக்குப் போகிற நேரம் பார்த்து டப். "கிடார் எங்க விழுது பாருங்க, ரெண்டுலயும் நாலுலயும்" என்று ஸ்டூலில் தட்டிக் காட்டுவார். புரொஜெக்டர் குதிக்கும். பாட்டு தொண்டையில் சிக்கிய முள் மாதிரி நிற்கும், விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. ('ராக்கர்ஸ்' பார்த்துவிட்டு, அதில் வருகிற பைக் மாதிரி தன் டிவிஎஸ் எக்ஸெல் டேங்க்கில் சிங்கம் வரையச் சொன்னார். போளூர் பெயின்டர் வரைந்தது பூனையா நாயா என்று எட்டாம் வகுப்பில் இன்னும் முடிவாகவில்லை.)

'ஹராகிரி' என்ற ஜப்பான் படத்தில் மூங்கில் கத்தியால் வயிற்றைக் கிழித்துக்கொள்ளச் சொல்கிறார்களே, அந்த இடத்தில் நிறுத்திவிட்டு என்னிடம் ரசம் கேட்டார். இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பாட்டி சாமை புடைத்த முறத்தோடு வாசலில் நின்று எட்டிப் பார்த்தது. வேட்டியில் ஜப்பான் குடியானவர்கள். சாமுராய்களுக்கு அரிசிச் சோறு போட்டுவிட்டு, தாங்கள் ஏதோ சிறுதானியக் கஞ்சி குடிக்கிறார்கள்.

"கம்பங்கூழ் பாட்டி" என்றார் சார்.

"கம்பு இல்ல, சாமையாத்தான் இருக்கும்" என்றது பாட்டி. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தது. "வெளைய வச்சவன் கூழு குடிக்கிறான், கத்தி வச்சிருக்கிறவன் சோறு திங்கிறான். அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டு முறத்தோடு போய்விட்டது.

சாரின் கட்டைவிரல் ஸ்பேஸ் பாருக்கு மேலே அந்தரத்தில் நின்றது. ஐந்து விநாடி வீட்டில் பேச்சே இல்லை. ஆகா, படம் இனி ஓடும் என்று நான் சுவரில் சாய்ந்து காலை நீட்டினேன்.

டப். பாட்டி சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அரை மணி நேரம் எனக்கு விளக்கினார்.

எனக்குக் கோபம் ஒன்றே ஒன்றுதான். படத்தை இவ்வளவு நேசிக்கிற மனுஷன் இன்னொருத்தனை அதைப் பார்க்கவிட மாட்டேன் என்றால் என்ன நியாயம்? கேட்டும் விட்டேன். "நல்ல கேள்வி சார், நிறுத்துங்க" என்றார். நான் என்ன படமா?

நேற்று புதிதாக ஒரு பென்டிரைவ் வந்திருக்கிறது. 'ஹராகிரி' எடுத்த கோபயாஷியின் 'தி ஹ்யூமன் கண்டிஷன்', மூன்று பாகம். ஓடும் நேரத்தைப் பார்த்தேன்: நிறுத்தாமல் ஓடினாலே 579 நிமிஷம். இடமாறுதல் கலந்தாய்வுக்கு மனு எழுதி, இன்று காலை தலைமையாசிரியர் மேசையில் வைத்துவிட்டேன்.